விடும்போது என்ன விசை?

அல்சூர், பெங்களூரு

அன்புள்ள செல்வம்,

வீட்டில் எல்லோரும் சுகம். சரளாவுக்கு முட்டிவலி தேவலை. பூபதி இன்னும் அந்த லாம்பிரெட்டாவை விற்கவில்லையாம், நீதான் போய்ச் சொல்ல வேண்டும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கொஞ்ச நாளாகக் கிளினிக்கில் ஸ்பிரிங் அளந்துகொண்டிருக்கிறேன். ஆமாம்டா, உன் தொழில்தான்! கிளிப் போடுவதற்காகப் பல் எடுத்த இடைவெளியை மூட, கோரைப்பல்லுக்கும் கடைவாய்ப்பல்லுக்கும் நடுவே மாட்டுகிறோமே, தீக்குச்சியைவிட ஒல்லியான சுருள், அது.

எஃகு என்றால் உனக்கே தெரியும். பல் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலே விசை மடமடவென்று இறங்கிவிடும். சுருளுக்குப் பதில் மாட்டும் பவர் செயின் என்ற ரப்பர் சங்கிலி முதல் நாளிலேயே பாதி விசையை இழந்துவிடும். நிக்கல்-டைட்டானியம் அப்படியில்லை. ஓரளவுக்கு மேல் இழுத்தால் உலோகத்தின் படிக அமைப்பே மாறிக்கொடுக்கிறது, விசை அதிகம் ஏறுவதில்லை. 1988இல் ஜப்பானிய மியூரா குழு இந்தச் சுருள்களைப் பற்றி எழுதியதைப் படித்த நாளிலிருந்து எனக்கு இதில் பித்து.

ஆனால் நீளத்துக்கு எதிராக விசையை வரைந்தால், இழுக்கும்போது ஏறும் கோடு வேறு, விடும்போது இறங்கும் கோடு வேறு. விசை அளக்கும் கேஜில் மாட்டி இழுக்கும்போது 200 கிராம் காட்டும் ஸ்பிரிங், இன்னும் நீட்டிவிட்டு அதே நீளத்துக்குத் திரும்பும்போது நன்றாகவே குறைத்துக் காட்டுகிறது. பல் நகர நகரச் சுருள் சுருங்குகிறது, அப்படியானால் பல்லுக்குக் கிடைப்பது இந்த இரண்டாவது எண்தான். சூடும் சேர்ந்துகொள்கிறது: வெந்நீரில் விசை ஏறுகிறது, ஐஸ் தண்ணீரில் தொய்ந்துபோகிறது. வாய்ச்சூட்டில் அளக்காத எண்ணை நான் நம்பத் தயாரில்லை.

என் கவலை பயிற்சிக்கு வரும் பிள்ளைகளைப் பற்றி. சீக்கிரம் நகரட்டும் என்று முழுக்க இழுத்து மாட்டிவிடுகிறார்கள். பல் நன்றாகப் போனாலே மாதத்துக்கு ஒரு மில்லிமீட்டர் சுமார்தான். விசை மிஞ்சினால் வேரைச் சுற்றிய சவ்வு நசுங்கி, ரத்தம் ஓடாமல், பல் நின்ற இடத்திலேயே நிற்கும். வேர் கரையவும் கூடும். கரைந்த வேர் திரும்ப வளராது, செல்வம். நம்மை நம்பி வாயைத் திறந்து உட்கார்ந்திருப்பது பன்னிரண்டு வயதுப் பிள்ளை.

உன் பட்டறையில் விசையை அளக்கும் லோட் செல் இருக்கிறதே, அதை 37 டிகிரி தண்ணீரில் வைத்து இழுக்க வழி பண்ணு. மாதிரிகளைக் கூரியரில் அனுப்புகிறேன். இழுக்கும் கோட்டை மட்டும் போட்டு அனுப்பிவிடாதே, எனக்கு விடும் கோடு வேண்டும்.

அன்புடன்,
கணேசன்