வாசகர் வட்டம்: 2024–25 செயலாளர் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

பொங்கல் விழா, பத்தாம் வகுப்பு மாணவர் பரிசளிப்பு, நூலக வார விழா மூன்றும் வழக்கம்போல் நடந்தன. செயற்குழு 9 முறை கூடியது. 2 முறை கோரம் (கூட்டம் நடத்தத் தேவையான குறைந்தபட்ச ஆள் எண்ணிக்கை) இல்லாமல் கலைந்தோம்.

ஆடியில் தொடங்கிய ஞாயிறு வாசிப்பைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. "பட்டிமன்றம் வைத்தால் கூட்டம் வரும், அரசியலமைப்புச் சட்டத்தை யார் உட்கார்ந்து கேட்பார்கள்?" என்று சென்ற பொதுக்குழுவிலேயே எதிர்ப்பு வந்தது. நான்தான் பிடிவாதமாக நின்றேன். ஜமீனுக்குக் கிஸ்தி கட்டிய குடும்பங்கள் நாம். நாட்டின் முதல் சட்டத்தில் சொத்து எப்படி உட்கார்ந்தது என்பது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அரசியலமைப்பை எழுதிய அரசியல் நிர்ணய சபையை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கவில்லை. 1946இல் மாகாணச் சட்டமன்றங்கள் தேர்ந்தெடுத்தன. அந்தச் சட்டமன்றங்களுக்கு ஓட்டுப் போட வரியோ சொத்தோ படிப்போ வேண்டியிருந்தது. நிலமில்லாத கூலியாளுக்குப் பெரும்பாலும் ஓட்டில்லை. சமஸ்தான இடங்களில் ஒரு பகுதியை மன்னர்களே நிரப்பினார்கள். அப்படி உருவான சபைதான் 326ஆம் பிரிவில் வயதுவந்த எல்லோருக்கும் வாக்குரிமை தந்தது. அதை மறைக்கக் கூடாது. ஆனால் 31ஆம் பிரிவில் இழப்பீடில்லாமல் சொத்தை எடுக்க முடியாதபடியும், 291ஆம் பிரிவில் மன்னர் மானியத்துக்கு (முன்னாள் மன்னர்களுக்கு அரசு தந்த ஆண்டுத் தொகை) உத்தரவாதமும் எழுதி வைத்ததும் அதே சபைதான்.

தர்பங்கா மகாராஜா காமேஸ்வர் சிங் அந்தச் சபையின் உறுப்பினர். ஜமீன்களை ஒழிக்க வந்த பீகார் நிலச் சீர்திருத்தச் சட்டத்தை எதிர்த்து 1951 மார்ச்சில் பாட்னா உயர் நீதிமன்றத்தில் வென்றவரும் அவர்தான். பெரிய ஜமீன்தாருக்கு இழப்பீட்டு விகிதம் குறைவு, எனவே அது 14ஆம் பிரிவின் சமத்துவத்துக்கு விரோதம் என்பது தீர்ப்பு. சமத்துவம் என்ற சொல் முதலில் யாருக்குக் கைகொடுத்தது என்று பாருங்கள். இதைப் படித்த ஞாயிறன்று நம் அறையில் வெகுநேரம் யாரும் பேசவில்லை. தீர்ப்பு வந்த அதே ஆண்டு ஜூனில் அரசியலமைப்பின் முதல் திருத்தம் வந்தது. அது சேர்த்த ஒன்பதாம் அட்டவணையில், அடிப்படை உரிமைக்கு விரோதம் என்று நீதிமன்றம் ரத்து செய்ய முடியாதபடி காப்பாற்றப்பட்ட 13 சட்டங்களில் நம் சென்னை மாகாணத்தின் 1948 ஜமீன் ஒழிப்புச் சட்டமும் உண்டு.

அடுத்த வாரம் மூத்த உறுப்பினர் ஒருவர், மடித்து மடித்து நான்காகக் கிழிந்த கிஸ்தி ரசீது ஒன்றைக் கொண்டுவந்து மேசைமேல் விரித்தார். அவருடைய தாத்தா பெயர் இருந்த இடத்தில் மை கரைந்திருந்தது. தொகை மட்டும் தெளிவாக இருந்தது.

முதல் நாள் 40 பேர் வந்தார்கள். மார்கழியில் 7 பேர். வாட்ஸ்அப்பில் கைதட்டல் போட்டவர்களில் பலரை நான் ஒரு ஞாயிறுகூடப் பார்க்கவில்லை. வருத்தத்தோடுதான் சொல்கிறேன். சந்தா 300 ரூபாய். பாதிக்கு மேற்பட்டவர்கள் இரண்டு ஆண்டுகளாகப் பாக்கி.

வரவும் செலவும் ஏறத்தாழச் சரியாக இருக்கின்றன. விவரத்தைப் பொருளாளர் வாசிப்பார். ஜெராக்ஸ் செலவு கூடியதற்கு நானே பொறுப்பு. படிக்கும் தாள் கையில் இருக்க வேண்டும் என்று நினைத்தேன்.

இடம் தந்த நூலகருக்கும், தேநீர் தந்தவர்களுக்கும், தலைவருக்கும் நன்றி.

வரும் ஆண்டு, சொத்துரிமையை அடிப்படை உரிமைகளிலிருந்து நீக்கிய 1978ஆம் ஆண்டின் 44ஆம் திருத்தத்தை எடுக்க எண்ணம். மீண்டும் செயலாளராக நிற்க எனக்குத் தயக்கம் இருக்கிறது. இளைஞர் ஒருவர் பொறுப்பேற்றால் தாள்கள் அனைத்தையும் ஒப்படைக்கிறேன். இல்லையென்றால், 15 பேராவது சந்தாவோடு பெயர் கொடுங்கள், ஆடி முதல் ஞாயிறு நானே தொடங்குகிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்