தொப்பூர் இறக்கத்தில் நியூட்ரல் எதற்கு?

ஆசிரியருக்கு,

தருமபுரியிலிருந்து சேலம் செல்லும் கார்களில் பல, தொப்பூர் கணவாய் இறக்கம் தொடங்கியதும் நியூட்ரலுக்குப் போய்விடுகின்றன. பெட்ரோல் மிச்சமாம். பெட்ரோலைக் காற்றோடு கலந்து அனுப்பும் கார்புரேட்டர் இருந்த அம்பாசிடர், பியட் காலத்தில் அந்தக் கணக்கில் கொஞ்சம் உண்மை இருந்தது. இன்றைய இன்ஜெக்‌ஷன் கார்களில் அது தலைகீழ். கியரில் இருக்கும்போது ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், சக்கரமே இன்ஜினைச் சுழற்றும். அதை உணரும் இசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி), பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர்களை மூடிவிடும். சொட்டு பெட்ரோல் செலவாகாது. நியூட்ரலில் போட்டாலோ, இன்ஜின் அணையாமல் ஓடுவதற்கே எரிபொருள் ஊற்ற வேண்டும். மணிக்கு அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை.

அதோடு, வண்டியின் முழு பாரமும் பிரேக்கின் மேல் விழுகிறது. பல ஆண்டு மாற்றாத பிரேக் ஆயிலில் ஈரம் சேர்ந்திருக்கும். சூடேறினால் ஆவிக் குமிழி உண்டாகி, மிதி தரையைத் தொடும். சிலர் சாவியையும் அணைக்கிறார்கள். அப்புறம் இரண்டு மூன்று முறை மிதிப்பதற்குள் மிதிக்குப் பலம் சேர்க்கும் பிரேக் பூஸ்டரின் வெற்றிடம் தீர்ந்து மிதி கல்லாகிவிடும், ஸ்டியரிங்கும் இறுகும். ஏறும் கியரிலேயே இறங்கு என்று பழைய லாரி ஓட்டுநர்கள் சொல்வது காருக்கும் பொருந்தும்.

மைலேஜ் உண்மையில் கசியும் இடங்கள் வேறு. முதலாவது தெர்மோஸ்டாட், அதாவது இன்ஜின் சூடாகும்வரை கூலன்ட் என்ற குளிர்விப்புத் திரவத்தை ரேடியேட்டருக்கு விடாத வால்வு. 'நம்ம ஊர் வெயிலுக்கு அது எதுக்கு' என்று கழற்றி எறிந்துவிடும் பழக்கம் இன்னும் இருக்கிறது. அது இல்லாவிட்டால் கூலன்ட் 90 டிகிரி அருகே வராது. இன்ஜின் இன்னும் குளிர்ந்திருப்பதாக எண்ணி இசியூ கூடுதல் பெட்ரோலை ஊற்றிக்கொண்டே இருக்கும். நெடுஞ்சாலையில் அரை மணி ஓடியும் வெப்பமுள் நடுவுக்கு வரவில்லை என்றால் சந்தேகம் இங்கேதான்.

அடுத்தது, பிடித்துக்கொண்டே ஓடும் பிரேக். பிரேக்கை அதிகம் தொடாமல் பத்து கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தி, நான்கு சக்கரங்களின் அருகிலும் கையைக் கொண்டு போய்ப் பாருங்கள். ஒன்று மட்டும் அனலடித்தால் பிரேக் பேடை அழுத்தும் காலிப்பர் நகரும் 'பின்' மீது கிரீஸ் காய்ந்திருக்கும், அல்லது ஹேண்ட்பிரேக் கேபிள் திரும்பாமல் சிக்கியிருக்கும்.

டயர் காற்றை வண்டி ஓடுவதற்கு முன், குளிர்ந்த நிலையில் பார்க்க வேண்டும். அளவு ஓட்டுநர் கதவோரத்து ஸ்டிக்கரில் உண்டு. ஆள் நிறைந்தால் எவ்வளவு என்பதும் அதிலேயே இருக்கும். கிருஷ்ணகிரி கிரானைட் குவாரிப் பக்கம் ஓடும் வண்டிகளுக்கு ஏர் பில்டர் சீக்கிரம் அடைக்கும். இன்ஜெக்‌ஷன் பெட்ரோல் காரில் அதனால் மைலேஜ் பெரிதாகக் குறையாது, இழுவைதான் குறையும். அதற்காக கம்ப்ரசர் காற்றைப் பலமாக அடித்தால் தாள் கிழிந்து தூசி இன்ஜினுக்குள் போகும். புதியது போடுவதே மலிவு. 5டபிள்யூ-30 ஆயில் கேட்கும் வண்டிக்கு அதைவிடக் கெட்டியான 20டபிள்யூ-50 ஊற்றுவதும் நஷ்டமே.

வேகத்தைப் பொறுத்தவரை, 80-லிருந்து 100-க்குப் போனால் காற்றின் எதிர்ப்பு ஒன்றரை மடங்குக்கு மேல் கூடும். கிருஷ்ணகிரி - தருமபுரிக்கு இடையே அதில் மிஞ்சுவது ஏழெட்டு நிமிடம். வெறுமனே கிடக்கும் கூரைக் கேரியரும் இதே எதிர்ப்பைக் கூட்டும்.

இவற்றைச் சரிசெய்த பிறகு, டேஷ்போர்டு காட்டும் எண்ணை நம்பாமல் டேங்கை நிரப்பி அளந்து பாருங்கள். ஒரே பெட்ரோல் பங்கில், நாசில் தானாக நிற்கும் முதல் 'கிளிக்'கோடு நிறுத்தி, டிரிப் மீட்டரைப் பூஜ்யமாக்குங்கள். அடுத்த முறை அதேபோல் நிரப்பும்போது 412 கி.மீ. ஓடி 24.3 லிட்டர் பிடித்தால், மைலேஜ் 17-க்குச் சற்றுக் குறைவு. ஒரு டேங்க் போதாது, மூன்று முறையாவது எடுக்க வேண்டும்.

– கார் மெக்கானிக்குகள், தருமபுரி.