சனிக்கிழமை குடும்ப வாள் பயிற்சி

அனைவருக்கும் வணக்கம். இந்தச் சனிக்கிழமை காலை 10 மணிக்கு ஒற்றைக் கை வாளும் சிறு கேடயமும் தொடங்குகிறோம். பாடம் ஐ.33 என்ற சுவடியிலிருந்து. 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியில் உருவானது. இன்று லீட்ஸ் நகர ராயல் ஆர்மரீஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கிடைத்துள்ள ஐரோப்பிய வாள் பயிற்சி நூல்களில் இதுவே மிகப் பழையது. அதில் ஒரு பாதிரியார் மாணவனுக்குக் கற்றுக்கொடுக்கிறார். கடைசிப் பக்கங்களிலோ வால்புர்கிஸ் என்ற பெண் வாளேந்தி நிற்கிறாள். உங்கள் மகள்களுக்கு அந்தப் படத்தை அவசியம் காட்டுங்கள்!

பிள்ளைகளுக்கு நுரைவாள், பெரியவர்களுக்கு நைலான் வாள். கம்பிவலை முகமூடி இல்லாமல் யாரும் களத்தில் இறங்கக் கூடாது, எவ்வளவு தேர்ந்தவராக இருந்தாலும். சென்ற வாரம் ஒருவருக்கு விரலில் அடிபட்டது; கையுறையை மறக்காதீர்கள். வர முடியாதவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் சொல்லிவிடுங்கள்.