வேனில் ஏறாமலே எங்களோடு வந்தவர்களுக்கு

அன்புள்ளவர்களுக்கு, வணக்கம்.

சித்திரையில் ஒரு ஊர்த் திருவிழாவில், சாதிப் பெருமைப் பாட்டுக்குப் பறை அடிக்க மாட்டோம் என்று சொல்லி எங்கள் பறையிசைக் குழு மேடையை விட்டு இறங்கிய வீடியோவைப் பலர் பார்த்திருப்பீர்கள். பார்த்தவர்கள் போன் செய்து பாராட்டினார்கள். சந்தோஷம்தான். ஆனால் அந்த வீடியோ ஒன்றரை நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு எங்களுக்கு ஒரு முழு ராத்திரி மிச்சம் இருந்தது. சாப்பாடு இல்லை. வாங்கிய அட்வான்ஸை அங்கேயே திருப்பிக் கேட்டார்கள். வேனில் டீசலும் குறைவு. கொள்கை பேசியது நாங்கள்; அதற்கான செலவைப் பங்கு போட்டுக்கொண்டது வேறு பலர். அவர்களில் ஒருவர் முகமும் வீடியோவில் கிடையாது. ஆடி முடிந்து சீசன் அடங்கிவிட்டது; இப்போதாவது அவர்களுக்கு நன்றி சொல்லலாம் என்று உட்கார்ந்தேன். பெயர் போட வேண்டாம் என்று பாதிப் பேர் சொல்லிவிட்டதால் யார் பெயரையும் போடவில்லை. படிக்கும்போது அவரவருக்குத் தெரிந்துவிடும்.

முதலில் வேன் ஓட்டும் அண்ணனுக்கு. கமிட்டிக்காரர்கள் சுற்றி நின்று சத்தம் போட்டபோது நீங்கள் வண்டியை ஸ்டார்ட் செய்து, பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, "ஏறு தாயி, கணக்கை அப்புறம் பாத்துக்கலாம்" என்றீர்கள். அந்தக் கணக்கை இன்றுவரை நீங்களாகக் கேட்கவில்லை. டோல்கேட், டீசல், உங்கள் படிக்காசு எல்லாம் என் நோட்டில் இருக்கிறது. ஐப்பசிக்குள் வந்துவிடும்.

அடுத்தது ரேடியோ செட்டுத் தம்பி. கமிட்டியில் இருந்தவர்களும் நீங்களும் சொந்தக்காரர்கள் என்று பிறகுதான் தெரிந்தது. மைக்கை அணைக்கச் சொன்னபோது, நாங்கள் ஏன் வாசிக்கவில்லை என்று சொல்லி முடிக்கும்வரை கையை சுவிட்சுப் பக்கமே கொண்டு போகாமல் நின்றீர்கள். அந்த ஊர் ஆர்டர் இனி உங்களுக்குக் கிடையாது என்று சொல்லிவிட்டார்களாம். எங்களுக்கு ஒரு நிகழ்ச்சி போயிற்று. உங்களுக்குப் பல வருடத்து வாடிக்கை போயிற்று. இதற்கு என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. இப்போதைக்கு எங்களை அழைப்பவர்களிடமெல்லாம் உங்கள் நம்பரைக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். இரண்டு இடத்தில் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள்.

பைபாஸ் ஓரம் கடை வைத்திருக்கும் அக்கா, அடைத்த கடையை நடுராத்திரியில் திறந்தீர்கள். மறுநாள் வியாபாரத்துக்கு வைத்திருந்த மாவு மொத்தமும் எங்களுக்கே தோசையாகப் போனது. அக்கம்பக்கத்துக் கிராமத்து மகளிர் குழுவினர் மறுநாள் காலையில் எங்களைத் தேடி வந்து, "எங்க நாடக மேடை சும்மாதான் கிடக்கு, வந்து அடிங்க" என்றார்கள். சாயங்காலம் அடித்தோம். பொன்னாடை போர்த்தவில்லை. வீட்டுக்கு வீடு வாங்கிச் சேர்த்த ஒரு மூட்டை அரிசியையும், ஒரு பித்தளைச் சொம்பு நிறையச் சில்லறையும் நோட்டுமாகக் கொடுத்தார்கள். பொன்னாடை வீட்டில் நிறையச் சேர்ந்துபோய்க் கிடக்கிறது, உண்மையைச் சொன்னால் அரிசிதான் உதவியது.

இந்தப் பிடிவாதம் எங்களிடம் தொடங்கியதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பாராட்டுகிறவர்கள் நாங்கள்தான் முதல் ஆள் என்பதுபோலப் பேசுவது கூச்சமாக இருக்கிறது. காட்டுமன்னார்கோயில் பக்கத்து எல். இளையபெருமாள், இழவுக்குப் பறை அடிக்கும் சாதிக் கட்டாயத்தை நாங்கள் பிறக்கும் முன்பே எதிர்த்துப் போராடியவர். அந்தக் காலத்தில் பறையே வேண்டாம் என்று தூக்கி எறிந்தவர்கள் உண்டு. பிறகு, மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் தலித் கலைவிழாக்கள் நடந்த 1990களில், அதே பறையைத் தலை நிமிர்ந்து மேடைக்குத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் உண்டு. எறிந்தவர்களா எடுத்தவர்களா, யார் சரி என்று வகுப்புகளில் பிள்ளைகள் கேட்பார்கள். இரண்டு பேரும் சரி என்பதுதான் என் எண்ணம். அவர்கள் எறிந்திருக்காவிட்டால், நாங்கள் எடுத்தபோது அது பழைய ஊழியமாகவே இருந்திருக்கும்.

சிவகங்கைச் சீமையில் பிறந்த கே. ஏ. குணசேகரன் 'தன்னானே' கலைக்குழுவோடு ஊர் ஊராகப் போய்ப் பாடியதைப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டுத்தான் எங்களுக்கு வேன் ஏறும் ஆசையே வந்தது. பேராசிரியராக இருந்துகொண்டு தெருவில் நின்று பாடியவர். 2016இல் போய்விட்டார். திண்டுக்கல் சக்தி நாட்டுப்புறக் கலை மையத்துப் பெண்கள், பெண் கையில் பறையா என்று ஊர் முகம் சுளித்த காலத்திலேயே இடுப்பில் துண்டைக் கட்டி ஆடி அடித்தவர்கள். அந்த அக்காமார் போட்ட பாதை இல்லையென்றால் நான் இன்று ஒரு குழுவுக்குத் தலைமை தாங்குவதாவது! அலங்காநல்லூர்ப் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். அன்று எங்கள் குழுவில் வயதான இரண்டு பேர் அழுதார்கள். அரசு விருதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதவர்கள் அவர்கள். அன்றைக்கு மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

என் அப்பாவுக்கும் இந்த மடலில் ஒரு பங்கு. ஊர் கூப்பிட்ட சாவுக்கெல்லாம் போய், நெல்லும் சில்லறையும் வாங்கிக்கொண்டு வந்தவர். சாவு அடி, டப்பா அடி, பாடம், ஜாயிண்ட் அடி, மருள் அடி, ஒத்தையடி என்று பறையின் அடி வகைகள் எல்லாம் அவர் கையிலிருந்து என் கைக்கு வந்ததுதான். சாவுக்குப் போக மாட்டோம் என்று நாங்கள் முடிவெடுத்தபோது அவருக்குப் பிடிக்கவில்லை. "செத்தவனை வழியனுப்புறதுல என்ன கேவலம்?" என்றார். கேவலம் சாவில் இல்லை, கூப்பிடுகிற விதத்தில் இருக்கிறது என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். அவர் ஒப்பவில்லை. ஆனால் சங்கத்துத் தோழர் ஒருவர் இறந்தபோது, அவர் வீட்டார் எங்களை உட்காரவைத்துக் கேட்டுக்கொண்டதால் போனோம். அன்று அப்பாவும் கூடவே வந்தார். எல்லோருக்கும் முன்னால் நின்று அவர்தான் முதல் அடி அடித்தார். வாதத்தில் தோற்றது யார் என்று இதுவரை நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

சரி, இனி மேடைக்குப் பின்னால் நடப்பதைச் சொல்கிறேன். பயணக் கலைஞர் வாழ்க்கை என்றதும் எல்லோரும் இரவுப் பயணம், புது ஊர், கைதட்டல் என்று நினைக்கிறார்கள். எங்கள் பெண்களுக்கு எந்த ஊருக்குப் போனாலும் முதல் கேள்வி கழிப்பறை எங்கே என்பதுதான். சாயங்காலம் நிகழ்ச்சி என்றால் மதியத்துக்கு மேல் தண்ணீர் குடிக்க மாட்டோம். வெயிலில் மூன்று மணி நேரம் சலங்கை கட்டி ஆடிவிட்டு, தாகத்தோடு திரும்ப வேனில் ஏறுவோம். மாதவிலக்கு நாளாக இருந்தால் கேட்கவே வேண்டாம். எங்கள் குழுவில் ஒரு பெண்ணுக்கு நீர்க்கடுப்பு வந்து வந்து, மருத்துவர் அம்மா எங்கள் எல்லோரையும் உட்காரவைத்துத் திட்டினார். அந்த டாக்டரம்மாவுக்கும் நன்றி. திட்டியதோடு பீஸும் வாங்கவில்லை.

ஆகையால் இதை விளக்கமாகவே சொல்கிறேன். ராமநாதபுரம் போகும் வழியில், ஆபீஸ் அறைச் சாவியைத் தந்து "உள்ள போய்க்கோங்கம்மா, வெளியில இருக்கிறது சரியில்லை" என்ற பெட்ரோல் பங்க் பையனுக்கு நன்றி. லீவு நாளிலும் பள்ளிக்கூடத்துச் சாவியோடு வந்து, பக்கெட்டில் தண்ணீர் பிடித்து வைத்துவிட்டுப் போன தலைமையாசிரியை டீச்சருக்கு நன்றி. உடை மாற்ற இடம் என்று மேடைக்குப் பின்னால் நாலு மூங்கில் நட்டு ஒரு தார்ப்பாயைக் கட்டியிருந்தார்கள். அதைப் பார்த்துவிட்டு, "அதுல எப்படிம்மா மாத்துவீங்க" என்று தன் வீட்டுப் படுக்கையறையைத் திறந்துவிட்ட மதினிக்கு நன்றி. உங்கள் மாமியார் வாசலில் நின்று எங்கள் சாதியைக் கேட்டதும், நீங்கள் "டான்ஸ்காரவுக அத்தை" என்று சமாளித்ததும் உள்ளே எங்களுக்குக் கேட்டது. நாங்கள் மறைத்துப் பேசுகிறவர்கள் இல்லை. ஆனாலும் அன்று வெளியே வந்து திருத்தவில்லை. நீங்கள் இன்னும் அந்த வீட்டில்தான் இருக்க வேண்டும். கண்மாய்க் கரையில் டார்ச் லைட்டோடு எங்களுக்குக் காவல் நின்று, வந்த இளவட்டங்களை அப்படியே திருப்பி அனுப்பிய அப்பத்தாவுக்கு, சும்மா நன்றி என்று சொன்னால் போதாது.

பறைக்கும் உதவி தேவைப்படுகிறது. வேப்பஞ்சட்டம், எருமைக்கன்றுத் தோல், புளியங்கொட்டைப் பசை; இதெல்லாம் சேர்ந்ததுதான் பறை. ஈரம் பட்டால் தோல் தொய்ந்துவிடும். தீயில் காய்ச்சினால்தான் அடி கிண்ணென்று வரும். கிராமத்தில் வைக்கோலையோ தென்னோலையையோ கொளுத்திக்கொள்ளலாம். நகரத்துக் கல்யாண மண்டபத்தில் தீப்பெட்டியை எடுத்தாலே மேனேஜர் ஓடிவருகிறார். அப்படி ஒரு மண்டபத்தில், சாம்பார் அண்டாவை இறக்கிவைத்துவிட்டு விறகடுப்பை எங்களுக்குக் கொடுத்த சமையல் மாஸ்டரும், கரண்டியைக் கீழே வைத்துவிட்டு ஒவ்வொரு பறையாக வாங்கி வாட்டிக் கொடுத்த அவர் ஆட்களும் எங்களுக்கு மறக்காது. பந்தியில் எங்களைக் கடைசியாக உட்காரவைக்கலாம் என்று யாரோ சொன்னபோது, "வாசிக்கிறவங்க முதல்ல சாப்பிடட்டும், அப்பத்தான் நேரத்துக்கு மேடை ஏறுவாங்க" என்று சொல்லி அந்தப் பேச்சை முடித்தவரும் அதே மாஸ்டர்தான். கொள்கை விளக்கக் கூட்டம் எதுவும் தேவைப்படவில்லை.

(இப்போது பைபர் பறை வந்துவிட்டது. மழைக்கு நல்லது, தூக்கவும் லேசு. நாங்களும் இரண்டு வைத்திருக்கிறோம். ஆனால் தோலில் அடித்த கைக்கு அது பிடிக்காது. இதைப் பற்றி எங்கள் வேனில் நடக்கிற சண்டைக்கு அளவே இல்லை.)

2020லும் 2021லும் திருவிழாக்கள் நின்றுபோனபோது பங்குனி, சித்திரை இரண்டும் கையை விட்டுப் போயின. எங்கள் பிழைப்பே அந்த மாதங்கள்தான். நகையை அடகு வைத்த கடைக்காரர் தவணை தாண்டியும் ஏலம் போடாமல் காத்திருந்தார். கனடாவிலும் சிங்கப்பூரிலும் இருக்கிற தமிழ்ப் பிள்ளைகள் ஜூமில் பறை கற்றுக்கொள்ள வந்து மாதாமாதம் பணம் அனுப்பினார்கள். முதல் வகுப்பில் நான் அடிப்பது யாருக்கும் கேட்கவில்லை. அந்த மென்பொருள் பறையைப் பின்னணி இரைச்சல் என்று நினைத்து அமுக்கிவிடுகிறது! அப்புறம் ஒரு பிள்ளைதான் செட்டிங்கில் எதை மாற்ற வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தது. அந்த இரண்டு வருடம் குழு கலையாமல் இருந்தது உங்களால்தான்.

எங்கள் குழு ஆண்களுக்கும் சொல்ல வேண்டும். பெண்களுக்கும் ஆண்களுக்கும் ஒரே சம்பளம் என்று நாங்கள் மேடையில் சொல்லும்போது கைதட்டல் பலமாக வரும். அந்த முடிவால் தங்கள் பங்கு குறைந்தது இந்தத் தம்பிகளுக்கு. வீட்டில் போய் அதற்குப் பதில் சொன்னதும் அவர்கள்தான். திருவிழாவில் குடித்துவிட்டு வந்து எங்கள் பெண்கள் மேல் ரூபாய் நோட்டைக் குத்த வருகிறவர்களைச் சண்டை இல்லாமல், சிரித்துக்கொண்டே வளைத்து வெளியே கொண்டுபோகும் கலையும் இவர்களுக்குத்தான் தெரியும். அடி வாங்கியதும் உண்டு. நாங்கள் வீட்டில் இல்லாத ராத்திரிகளில் பிள்ளைகளுக்குச் சோறு போட்டுத் தூங்கவைத்த மாமியார்கள், அம்மாச்சிகள், நாத்தனார்கள் எல்லோருக்கும் எங்கள் கும்பிடு.

கடைசியாக ஒருவர். எங்கள் பக்கத்து ஊர்க் குழுத் தலைவர் அண்ணன். நாங்கள் இறங்கி வந்த அதே மேடையில் மறுநாள் போய், கேட்ட பாட்டுக்கெல்லாம் வாசித்துவிட்டு வந்தவர். எங்கள் ஆட்கள் சிலருக்கு அவர்மேல் கோபம். எனக்கு அப்படி இல்லை. அவர் குழுவில் மூன்று பேர் அந்தக் கூலியை நம்பிப் பிள்ளைகளுக்குப் பள்ளிக் கட்டணம் கட்டுகிறவர்கள். வைகாசி மழையில் எங்கள் பறைகள் நனைந்து கிழிந்தபோது, விடியற்காலையில் பைக்கில் நாலு பறையைக் கட்டிக்கொண்டு வந்து வாசலில் இறக்கியவரும் அவர்தான். "உன் கொள்கை உனக்கு, என் பாடு எனக்கு, பறை ரெண்டு பேருக்கும்" என்றார். அவரோடு இன்னும் வாதம் செய்துகொண்டுதான் இருக்கிறேன். அடுத்த சீசனில் அந்தப் பாட்டை அவரும் நிறுத்த வேண்டும் என்றுதான் கேட்கிறேன். ஆனால் அந்த மூன்று பேர் கூலிக்கு வழி செய்யாமல் கேட்கிற உரிமை எனக்கு இல்லை. எங்கள் இரண்டு குழுவும் சேர்ந்து நிகழ்ச்சி எடுத்துக் கூலியைப் பகிர்ந்துகொள்ளலாமா என்று பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது.

தைக்கு எங்களை அழைக்க நினைக்கிறவர்கள் ஐப்பசி முடிவதற்குள் சொல்லிவிடுங்கள். நிபந்தனைகள் எல்லோருக்கும் தெரிந்தவைதான்: சாதிப் பாட்டு கிடையாது, பந்தியில் எல்லோரோடும் உட்காருவோம், நோட்டுக் குத்துவது கூடாது. கழிப்பறை எங்கே இருக்கிறது என்பதை மட்டும் முதல் போனிலேயே சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
பறையிசைக் குழுவினர் எல்லோருக்காகவும்,
வத்தலக்குண்டிலிருந்து