செவலையும் உங்கம்மாவும்

அம்மிணி,

நல்லாருக்கியா. மூணு வாரமா நீ போன் எடுக்கறதில்ல, மாப்பிள்ளைதான் எடுத்து தூங்கறா மாமான்னு சொல்றாரு, சரி தூங்கட்டும்னு வெச்சுடறேன். நான் ஒண்ணும் கேக்கப் போறதில்ல. நேரா நேரத்துக்கு சாப்பிடு, தலைக்கு ஊத்துனா ஈரத்தோட இருக்காத, அங்க குளிர் வேற.

இங்க மழை பரவால்ல, சோளம் மொளைச்சிருச்சு. செவலை வழியில வந்த மயிலைக்கு மடி எறங்கிருச்சு, ரெண்டு நாளா மத்த மாட்டோட சேராம வேலியோரமா ஒதுங்கி நிக்குது, இன்னிக்கோ நாளைக்கோ போட்டுரும். கன்னு விழுந்ததும் நக்க ஆரம்பிச்சு வாயைத் தொறக்காம தொண்டைக்குள்ளயே ம்ம்ம்னு கூப்பிடும் பாரு, அதைக் கேக்கத்தான் நான் இந்த வயசுலயும் ராத்திரி கட்டுத்தறியில படுக்கறேன். நக்கி நக்கியே கன்னோட வாசனை அதுக்குள்ள ஏறிரும், அப்புறம் பத்து கன்னு நின்னாலும் மோந்து பாத்து தன்னுதைத்தான் மடிக்கு விடும்.

நம்ம பக்கத்துல இருந்து சியாட்டில் வரைக்கும் படிச்சுப் போன மொத பொண்ணு நீதான், டீக்கடையில இன்னமும் சொல்லிட்டுதான் இருக்கேன், ஆனா அப்பன்கிட்ட ஒரு வார்த்தை பேச முடியலியா உன்னால. செல்லுல உங்க ஊர் பேர் வந்தா எதுன்னாலும் நின்னு பாத்துருவேன். அப்படித்தான் அந்த ஓர்கா திமிங்கலத்தைப் பாத்தேன், ஜே35னு நம்பர் வெச்சிருக்காங்க, உங்க பக்கத்து கடல்தான். 2018 ஜூலையில குட்டி பொறந்து அரை மணி நேரத்துல போயிருச்சாம். அதைத் தலையில தாங்கிட்டே 17 நாள், 1600 கிலோமீட்டர் நீந்திருக்கு. நழுவி முழுகுனா இதுவும் முங்கிப்போய் மறுபடி மேல கொண்டு வந்துருமாம். மலைக்கோயில் படியில ஒரு கொரங்கு செத்த குட்டியை வயித்தோட அணைச்சுட்டு இருந்ததைப் பாத்து நீ அழுதியே, கொரங்குக்கு என்ன தெரியும், வா போலாம்னு உன்னை இழுத்துட்டு வந்தேன். வடக்கு வங்காளத்துல யானைங்க செத்த குட்டிகளைத் தேயிலைத் தோட்டத்து வாய்க்கால்ல போட்டு மண்ணு மூடிட்டுப் போனதை 2024ல எழுதிருக்காங்க, அஞ்சு குட்டி, எல்லாம் காலு மேல பாத்த மாதிரி. அன்னிக்கு நான் சொன்னது தப்பு அம்மிணி.

செவலையோட ரெண்டாவது கன்னு செத்தப்ப தோலை உரிச்சு உப்பு தடவி வைக்கோல் திணிச்சு, நாலு குச்சியைக் காலா வெச்சு முன்னாடி நிறுத்துனேன். இல்லாட்டி பால் சுரப்பு விடாதே. அது அந்தத் தோலை நக்கிட்டே இருந்துச்சு, தையல் பிரிஞ்சு வைக்கோல் வெளிய வந்தப்பவும் நக்குச்சு, நான் கீழ உக்காந்து கறந்துட்டு இருந்தேன். சொம்பு எடுத்துட்டு வந்த உங்கம்மா ஒரு நிமிசம் நின்னு பாத்துட்டு சொம்பைக் கீழ வெச்சுட்டு உள்ள போயிட்டா. அப்ப உங்கண்ணனுக்கும் உனக்கும் நடுவுல பொறந்தது போயி நாப்பது நாள்கூட ஆகல.

அந்தக் கொழந்தையை நான் அவ கண்ணுல காட்டவே இல்ல. விடியறதுக்குள்ள துணியில சுத்தி எடுத்துட்டுப் போயிட்டேன், பாத்தா மனசு விட்டுருவான்னு பெரியவங்க சொன்னாங்க, நானும் நம்புனேன். அழுதப்ப அடுத்தது பொறக்கும் எந்திரின்னேன். அப்புறம் அவ அதைப் பத்தி பேசவே இல்ல, மறந்துட்டான்னு நெனைச்சேன். போன வாரம் நீ போன் எடுக்காத அன்னிக்கு ராத்திரி, பாய் விரிச்சுட்டே, அதுக்கு முடி இருந்துச்சான்னு கேட்டா. முப்பத்திரெண்டு வருசம் கழிச்சு. நெறைய இருந்துச்சுன்னேன். கருப்பா, நெத்தி வரைக்கும். அவ்வளவுதான், திரும்பிப் படுத்துட்டா.

அந்தத் திமிங்கலத்துக்கு 2020ல ஒரு ஆண் குட்டி பொறந்து நல்லா இருக்கு. இதை எழுதலாமா வேண்டாமான்னு ரெண்டு நாள் யோசிச்சேன், ஏன்னா எல்லாரும் அடுத்ததைச் சொல்லியே உன் வாயை அடைச்சிருப்பாங்க.

சாப்பிடு. ஈரத்தலையோட இருக்காத. என்கிட்ட பேச வேண்டாம், உங்கம்மா நம்பருக்கு ஒரு மிஸ்டு கால் குடு, அவளே கூப்பிடுவா. அந்நேரம் நான் கட்டுத்தறிக்குப் போயிருவேன், நீங்க பேசி முடிக்கற வரைக்கும் வர மாட்டேன்.

அப்பா