போர்ப்போராவை ஆசிரியராகக் கொண்டாடுங்கள்: ஒரு திறந்த மடல்

நேப்பிள்ஸ் நகரின் சான் பியெத்ரோ அ மயெல்லா இசைக்கல்லூரி ஆட்சிக் குழுவினருக்கு,

வணக்கம். இத்தாலியின் ஆப்பெரா என்னும் இசை நாடகப் பாட்டுக்கலையை 2023 டிசம்பரில் யுனெஸ்கோ மானுடத்தின் அருவப் பண்பாட்டு மரபுகளுள் ஒன்றாக ஏற்றது. தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்த ஒரு பயிற்சிக்குக் கிடைத்த பெருமை அது என்பதால், அப்பயிற்சியைக் கற்பித்தவர்களுள் முதல் வரிசையில் வைக்கத்தக்க நிக்கோலா போர்ப்போராவைப் பற்றி உங்கள் முன் ஒரு கோரிக்கையை வைக்கிறேன். 2036 ஆகஸ்ட் 17 அன்று அவர் பிறந்து 350 ஆண்டுகள் நிறைகின்றன. அந்நாளை ஓர் ஆசிரியருக்கு எடுக்கும் விழாவாக நீங்கள் நடத்த வேண்டும்.

புத்தக வணிகர் ஒருவரின் மகனாக நேப்பிள்ஸில் பிறந்த அவர், 1696-இல் போவெரி தி ஜெசு கிறிஸ்தோ இசைப்பள்ளியில் சேர்ந்தார். 1715 முதல் 1722 வரை சாந்தொனோஃப்ரியோ பள்ளியில் கற்பித்தார். அப்பழைய பள்ளிகளின் வழிவந்ததே உங்கள் கல்லூரி என்பதால் இவ்விழாவை எடுக்கும் உரிமை வேறு எவரையும்விட உங்களுக்கே அதிகம். ஆனால் இசை வரலாற்று நூல்களோ, 1733-இல் லண்டனுக்குப் போய் அங்கே புகழ்பெற்றிருந்த இசையமைப்பாளர் ஹாண்டெலோடு போட்டியிட்டு, 1736-இல் திரும்பிய இசையமைப்பாளராகவே அவரைப் பெரும்பாலும் அறிமுகப்படுத்துகின்றன. மூன்றாண்டுப் போட்டியை வைத்து ஒரு வாழ்நாளை எடைபோடுவது நியாயமாகாது.

அக்காலத்தின் புகழ்பெற்ற பாடகர்களான ஃபாரினெல்லியும் கஃபரெல்லியும் அவரிடம் பாடம் கேட்டவர்கள். ஒரே தாளில் எழுதிய பயிற்சிகளையே கஃபரெல்லிக்கு ஆண்டுக்கணக்கில் கொடுத்து, பிறகு ஒருநாள், ஐரோப்பாவிலேயே சிறந்த பாடகன் நீதான் என்று சொல்லி அனுப்பிவைத்தார் என்றொரு கதை வழங்குகிறது. அதை அப்படியே நம்ப வேண்டியதில்லை. எனினும் அக்காலச் சாதகத்தின் தன்மை அதில் தெரிகிறது. ஒரே சுரத்தைக் கேட்டும் கேளாத மெல்லொலியில் எடுத்து, மூச்சு விடாமல் முழுக்குரலுக்கு வளர்த்து, நடுக்கமோ சுருதி விலகலோ இன்றி மீண்டும் மெல்லொலிக்கே இறக்குவதுதான் அதன் அடிப்படை. அன்று கற்ற சிறுவர்களுள் பலருக்கு, இளங்குரல் உடையாமல் இருப்பதற்காகவே ஆண்மை நீக்கம் செய்யப்பட்டது என்ற கொடுமையையும் விழாவில் மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்த ஆசிரியர்களின் பெருமையோடு அந்தப் பிள்ளைகளின் வலியும் சேர்ந்தே வருகிறது.

1750-களில் வியன்னாவில், போர்ப்போராவின் பாட்டு வகுப்புகளுக்குப் பக்கவாத்தியம் வாசித்து, பணியாளாகவும் இருந்து, வசவுகளையும் பொறுத்துக்கொண்ட இளைஞர், பின்னாளில் பெரும் இசையமைப்பாளராகப் புகழ்பெற்ற யோசப் ஹைடன். இசையமைப்பின் மெய்யான அடிப்படைகளைப் போர்ப்போராவிடமே கற்றதாக அவர் 1776-இல் தம் கைப்பட எழுதினார்.

ஃபாரினெல்லி ஸ்பெயின் அரசவையில் வாழ்ந்தார். கஃபரெல்லி பிரபுப் பட்டத்தையே விலைக்கு வாங்கி, நேப்பிள்ஸிலேயே மாளிகை கட்டினார். 1760 வாக்கில் ஊர் திரும்பிய ஆசிரியரோ வறுமையில் உழன்று 1768-இல் இறந்தார். அடக்கச் செலவுக்கே பிறர் பணம் திரட்ட வேண்டியிருந்தது.

ஆகவே, உங்கள் நூலகத்திலுள்ள நேப்பிள்ஸ் மரபின் பாட்டுப் பயிற்சிக் கையெழுத்துப் படிகளை, மாணவர்கள் இன்றே பாடிப் பழகும்படி தெளிவான பதிப்பாக, விலையின்றி வெளியிடுங்கள். விழாவன்று அவருடைய ஆப்பெரா ஒன்றை மேடையேற்றுவதோடு நில்லாமல், அப்பயிற்சிகளைக் கொண்டு பொதுமக்கள் முன்னிலையில் ஒரு பாட்டு வகுப்பையும் நடத்துங்கள். பதிப்புப் பணிக்குப் பல ஆண்டுகள் பிடிக்கும் என்பதால், அதற்கான முடிவை இப்போதே எடுக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஆப்பெரா இசையில் தோய்ந்த தமிழ் வாசகர் ஒருவர்