இமயமலையில் ஏன் எரிமலை இல்லை? பாடநூல் எழுதுவோருக்கு ஒரு மடல்

சமூக அறிவியல் பாடநூல் எழுதும் ஆசிரியர்களுக்கு வணக்கம்.

நாகப்பட்டினத்தில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு மாலையில் பாடம் சொல்லிக்கொடுக்கிறேன். புவித்தட்டுகள் மோதினால் மலையும் எரிமலையும் உண்டாகும் என்று போன வாரம் படித்துக்கொண்டிருந்தோம். ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி நிறுத்திக் கேட்டாள்: "அப்போ இமயமலையில ஏன் டீச்சர் எரிமலை இல்ல?"

அவள் கையிலிருந்த புத்தகத்தில் அதற்கு விடை இல்லை. இருந்திருக்க வேண்டும்.

நம் இந்தியத் தட்டு ஒன்றுதான். ஆனால் வடக்கு விளிம்பில் நடப்பது வேறு, கிழக்கு விளிம்பில் நடப்பது வேறு. அந்தமான் பக்கம் அதன் கடலடிப் பாறை, பக்கத்துத் தட்டுக்கு அடியில் அமிழ்கிறது. போகும்போது தாதுக்களுக்குள் கட்டுண்ட நீரையும் கொண்டுபோகிறது. ஏறக்குறைய 100 கி.மீ. ஆழத்தில் அந்த நீர் பிரிந்து மேலே உள்ள கவசப் பாறைக்குள் (புவியின் மேலோட்டுக்கு அடியில் இருக்கும் பாறை அடுக்கு) ஏற, அந்தப் பாறையின் உருகுநிலை குறைந்துவிடுகிறது. வெறும் வாணலியில் தீயும் வெல்லம், ஒரு கை தண்ணீர் தெளித்ததும் இளகிவிடுமே, பிள்ளைகளுக்கு அதைத்தான் சொன்னேன். ஒப்புமை முழுசாகப் பொருந்தாது, ஆனாலும் நீரின் வேலை அவர்களுக்குப் புரிந்தது. இப்படி உருகிய குழம்புதான் அந்தமானின் பாரன் தீவில் வெளியே வருகிறது. நூறாண்டுக்கும் மேல் அடங்கிக் கிடந்த அந்த எரிமலை 1991இல் மறுபடி வெடித்தது.

வடக்கே மோதுவது கண்டமும் கண்டமும். கண்டப் பாறை எடை குறைந்தது. கடலடிப் பாறைபோல ஆழத்துக்கு அமிழாது, நீரையும் அவ்வளவு கொண்டுபோகாது. அதனால் மடிந்து, ஒன்றன்மேல் ஒன்று ஏறி, சுமார் 5 கோடி ஆண்டுகளாக உயர்ந்துகொண்டே இருக்கிறது. அதற்கு முன், இந்தியாவுக்கும் ஆசியாவுக்கும் நடுவே இருந்த டெத்திஸ் கடலின் அடித்தரை அமிழ்ந்துகொண்டிருந்த காலத்தில் அங்கேயும் எரிமலைகள் இருந்தன. லடாக்கின் கிரானைட் மலைத்தொடர் அவற்றின் அடிப்பகுதிதான். கடல் தீர்ந்தது, எரிமலையும் ஓய்ந்தது. எவ்வளவு அழகான விடை இது!

அந்தக் கடலுக்குச் சாட்சி நம் பூசை அறையிலேயே இருக்கிறது. நேபாளத்தின் கண்டகி ஆற்றில் கிடைக்கும் சாளக்கிராமம் பலவற்றில் தெரியும் சுருள், அம்மோனைட் என்ற கடலுயிரியின் ஓடு பதிந்தது. பாடத்தை இங்கிருந்து தொடங்கினால் எந்தப் பிள்ளைக்கு மறக்கும்?

அப்புறம், எங்கள் ஊருக்கு இது வெறும் தேர்வுப் பாடம் இல்லை. 2004 டிசம்பர் 26 அன்று சுமத்ராவிலிருந்து அந்தமான் வரை சுமார் 1,300 கி.மீ. நீளத்துக்குப் பிளந்து நகர்ந்தது அதே கிழக்கு விளிம்புதான். இந்தப் பிள்ளைகள் அதற்குப் பிறகு பிறந்தவர்கள். சுனாமி வந்தது என்று தெரியும், எங்கிருந்து, எதனால் என்று தெரியாது.

நான் கேட்பது ஒரே ஒரு பக்கம். இரண்டு குறுக்குவெட்டுப் படங்கள்: ஒன்று இமயம், ஒன்று அந்தமான். நீர் போகும் வழியை நீல அம்புக்குறியால் காட்டுங்கள். அந்தப் பெண் நோட்டில் வரைந்து வைத்திருக்கிறாள், வேண்டுமானால் அனுப்பிவைக்கிறேன்.

அன்புடன்,
ஒரு மாலை வகுப்பு ஆசிரியை